'வேண்டாம்' என்று ஒரு பட்டன்

கோவை வடவள்ளியில் வீட்டு மாடியில் சத்துமாவு தயாரிக்கிறார் அந்த அம்மா. மாதம் 499 ரூபாய் சந்தா. கார்டிலிருந்து பணம் தானாகவே வந்துவிடும். பாக்கெட் கூரியரில் போய்விடும். வெப்சைட் மகனின் கைவண்ணம்.

2025 ஜூனில் அவருடைய ஆடிட்டர் ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆன்லைன் தளங்கள் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்து, 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளை நீக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருந்தது. விதி என்னவோ 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதிலுள்ள 13 வகைகளில் ஒன்று சந்தாப் பொறி. சேருவது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்றால் அதுதான் பொறி.

"அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குங்கம்மா" என்றான் மகன்.

"விக்கிறவங்கன்னுதானே போட்டிருக்கு. சின்னவங்க, பெரியவங்கன்னு இல்லையே கண்ணு."

அன்று ராத்திரி, தானே ஒரு வாடிக்கையாளராகி சந்தாவை நிறுத்திப் பார்த்தார். பட்டனைக் காணோம். 'உதவி'க்குள் போய், 'கேள்விகள்' திறந்து, கடைசி வரிக்கு வந்தால், காலை 10 முதல் 12 வரை போன் செய்யச் சொல்லி ஒரு நம்பர். அவருடைய நம்பர்தான். அந்த நேரத்தில் அவர் கம்பு வறுத்துக்கொண்டிருப்பார். போனை எடுத்ததே இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'என் குடும்ப ஆரோக்கியத்தில் எனக்கு அக்கறை இல்லை, நிறுத்துங்கள்.' ஏதோ ஒரு தளத்தைப் பார்த்து மகன் போட்டது. இப்படிக் குத்திக்காட்டுவதும் அந்த 13-ல் ஒன்று.

பால்காரரிடம் 'நாளைக்கு வேண்டாம்' என்றால் முடிந்தது. இங்கே அதைச் சொல்லவே வழியில்லை.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது போதும் என்றிருந்தார். ஆனால் 'லோன் வேண்டுமா' மெசேஜ்களுக்கு நடுவே அதை யார் பார்க்கிறார்கள்?

மறுநாள் சந்தாதாரர் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொருவராக போன் செய்தார். பலர் சந்தோஷமாகவே பேசினார்கள். ஒரு பெண், பையன் ஹாஸ்டலுக்குப் போய் ஒரு வருஷமாச்சு என்றார். பாக்கெட்டை வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிடுகிறாராம். திருப்பூர் நம்பர் ஒன்றில் எடுத்தது சந்தாதாரரின் மகள்.

"அப்பா சித்திரையில தவறிட்டாருங்க. பார்சல் மட்டும் அவர் பேருக்கு வந்துட்டே இருக்குது. உங்க நம்பருக்கு ரெண்டு மூணு தடவை அடிச்சேன்."

கொஞ்ச நேரம் அந்த அம்மாவால் பேச முடியவில்லை.

அரவை மெஷின் கடனுக்கு மாதா மாதம் 5-ம் தேதி தவணை கட்ட வேண்டும். இப்படிப் போனவர்களை எல்லாம் கழித்தால் தவணைக்கே இழுபறி. மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். பார்த்தார், மறுத்துப் பேசவில்லை. அந்த மாதம் சீட்டுப் பணத்தை எடுத்துத் தவணை கட்டினார்.

திருப்பூருக்கு சித்திரைக்குப் பிறகு பிடித்த பணம் முழுவதும் திரும்பிப் போனது. வெப்சைட்டில் அந்தக் குத்தல் வரி போய்விட்டது. சந்தாவை நிறுத்தும் பட்டன் முதல் பக்கத்துக்கு வந்தது.

"என்ன கலருங்கம்மா?" என்று கேட்டான் மகன்.

"கண்ணாடி போடாம எனக்குத் தெரியோணும். அந்த மாதிரி வை."