சம்பளமில்லாத ஆறு வாரம்

சௌல்தாரி என்றதும் எதிரே இருப்பவர் சற்று யோசிப்பார். தெற்கு அந்தமானில் உள்ள கிராமம் என்று விளக்கினால் அடுத்த கேள்வி தயாராக வரும்: "ஜெயில் இருக்குமே, அந்த ஊரா?" 2025 ஜூனில் பயிற்சிக்காகச் சென்னை வந்த அந்த 20 வயது சிவில் இன்ஜினீயரிங் மாணவிக்கு முதல் வாரத்திலேயே இது பழகிவிட்டது. அந்தமான் போக பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு.

பயிற்சி அவர் விரும்பி எடுத்துக்கொண்டது மட்டுமல்ல. பொறியியல் மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே வேலை கற்க வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமே சொல்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் பெரிய கட்டடங்கள் எழும் இடத்துக்கும் அவரது ஊருக்கும் நடுவே சுமார் 1,200 கி.மீ. கடல் இருக்கிறது. விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) புறப்படும் கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அவர் வந்தது கப்பலில், பங்க் வகுப்பில். மழைக்காலக் கடல் வழியெல்லாம் புரட்டி எடுத்தது.

வேளச்சேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அறைக்கு நான்கு பேர். சாப்பாட்டுடன் மாதம் 7,500 ரூபாய், ஒரு மாத அட்வான்ஸ் தனி. இந்தியில் 'சோல்தாரி' என்றால் சிறு கூடாரம். "கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு வந்திருக்கேன்" என்று அறைத் தோழிகளிடம் சிரித்துக்கொள்வார். குழாயில் தண்ணீர் வராத காலைகள் அவரைக் கலங்கடிக்கவில்லை. மழை கொட்டும் தீவிலும் கோடையில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வாளியை முதல்நாள் இரவே நிரப்பி வைக்கும் வழக்கத்தை அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பெருங்குடி வேலையிடத்துக்குப் போய்வர, 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்ட சாதாரண பஸ்கள் கைகொடுத்தன.

சங்கடம் தந்தது தமிழ்தான். தாத்தா 1960-களில் ராமநாதபுரம் பக்கமிருந்து வேலை தேடிக் கப்பலேறியவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளம். நாட்டுப் பிரிவினையில் வீடிழந்த கிழக்கு வங்க மக்கள் 1949 முதல் அந்தமானில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களது பேரக்குழந்தைகளுடன்தான் இவர் விளையாடி வளர்ந்தார். அதனால் தமிழ் பேசும்போது நடுவில் 'மத்லப்' என்று ஒரு வார்த்தை வந்து விழும். "ஏம்மா, நீ தமிழ்ப் பொண்ணுதானே?" என்பார் ஹாஸ்டல் சமையல்கார அம்மா. அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சுருக்கென்று தைக்கும்.

வேலையிடத்தில் நிலைமை தலைகீழ். கம்பி கட்டுபவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். சைட் இன்ஜினீயருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். தூணில் கட்டும் ரிங் கம்பியின் முனைகளை 135 டிகிரி உள்நோக்கி மடக்கச் சொல்கிறார் இன்ஜினீயர். 90 டிகிரியோடு நிறுத்திவிடுகிறார்கள் தொழிலாளர்கள். அது சுலபம். இரண்டு தரப்புக்கும் கோபம்.

பயிற்சிக்கு வந்த பெண் நடுவில் போய் நின்றார். நிலம் குலுங்கும்போது தூணின் மேல் கான்கிரீட் உதிர்ந்துவிடும், 90 டிகிரி ரிங் விரிந்துகொள்ளும், உள்ளே நிற்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும் என்று இந்தியில் விளக்கினார். உள்நோக்கி மடக்கிய முனையோ நடுவில் உள்ள கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும். இதை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2002 நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலம். அந்தமான் ஐந்தாவது, அதாவது மிகுந்த அபாயமுள்ள மண்டலம். 2004 டிசம்பர் 26 காலையில் 9.1 அளவு நிலநடுக்கம் வந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை. அந்தக் காலையைப் பற்றிக் கேட்காமல் தீவில் யாரும் வளர்வதில்லை.

மறுநாளிலிருந்து மேஸ்திரி அவரைத்தான் தேடினார். இன்ஜினீயரும் அவரைத்தான் கூப்பிட்டார். ஆறு வாரமும் மூன்று மொழிகளில் அந்த இடத்தின் வேலையை நகர்த்தினார். இதற்குச் சம்பளம் ஒரு ரூபாயும் இல்லை, ஏனென்றால் அவர் 'இன்டர்ன்'.

வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. 1961-ம் ஆண்டு பயிலுநர் சட்டத்தின் கீழ் வரும் 'அப்ரண்டிஸ்' என்றால், 2019 விதித் திருத்தப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய். மருத்துவப் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்கின்றன 2021 விதிகள். 2024-ல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய். ஆனால் அப்போது முழுநேரம் படிப்பவர்களுக்கு அதில் இடமில்லை. கல்லூரி மாணவி இந்த மூன்றுக்கும் வெளியே நின்றார். அவரது வகுப்புத் தோழி ஒருத்தி சென்னைக்கு வரவே இல்லை. இவருடைய அப்பாவுக்குச் சீட்டு எடுக்க முடிந்தது, அவளுடைய அப்பாவுக்கு முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைசி நாளில் கொடுத்த சான்றிதழில் "ஆறு வாரம் பயிற்சி பெற்றார்" என்று இருந்தது. அவர் அங்கே கற்றுக்கொடுத்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரது நோட்டின் பின்பக்கத்தில் ஹாஸ்டல், கப்பல், சாப்பாடு, மருந்து என்று ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் 21,400 ரூபாய். முன்பக்கங்களில் ரிங் கம்பி படங்கள். சௌல்தாரி திரும்பியதும் வராத தோழிக்கு அந்த நோட்டைத்தான் முதலில் கொடுத்தார். பின்பக்கத்தையும் அவர் கிழிக்கவில்லை.