கோட்டைகளைத் தேடி மூன்று நாள்

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில், இத்தாலிய நாட்டின் உட்பகுதிகளைச் சிலநாள் சுற்றிப் பார்த்துத் திரும்பிய உறவினர் ஒருவர் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். தாம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே, குன்றுகளின் உச்சியில் மதில் சூழ அமைந்த பழங்கிராமங்களைப் பற்றி மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். சான் ஜிமிஞ்ஞானோ என்னும் சிற்றூரில், ஒரு காலத்தில் செல்வக் குடும்பத்தார் ஒருவரோடொருவர் போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்கள் 72 இருந்தனவாம். இன்று நிற்பவை ஏறக்குறைய 14. மொந்தெரிஜோனி என்னும் மற்றோரூர், சியேனா நகரத்தார் 1213-ஆம் ஆண்டு முதல் 1219-ஆம் ஆண்டு வரையில் கட்டிய மதிலுக்குள் இன்றும் அப்படியே இருக்கிறதாம். இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் என்னை நோக்கி, “தம்பி, நீ மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவன். உங்கள் பக்கத்தில் இவ்விதம் பார்க்கத்தக்க கோட்டைகளும் பழைய ஊர்களும் எவையேனும் உண்டா?” என்று வினவினார். கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் சொன்னேன். “அவை எல்லோரும் அறிந்தவை, வேறு?” என்றார். யான் விடையின்றித் தலைகுனிந்து நின்றேன்.

அந்த நாணமே இப்பிரயாணத்திற்குக் காரணம். என் வகுப்புத் தோழர் இருவரிடம் இதனைத் தெரிவித்தேன். ஒருவர் திண்டுக்கல் நகரத்தவர். மற்றவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தவர். மூவரும் கூடி, முதல்நாள் மதுரையையும், இரண்டாம் நாள் திண்டுக்கல்லையும், மூன்றாம் நாள் அழகர்கோயிலையும் அரிட்டாபட்டியையும் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

முதல்நாட் காலையில் நாங்கள் தேடிய கோட்டை எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது; அல்லது, இல்லாமலிருந்தது என்பதே பொருந்தும். எங்கள் வீடு தெற்கு வெளி வீதியை அடுத்த ஒரு சந்தில் உள்ளது. “வெளி வீதி” என்னும் பெயரை நாள்தோறும் எழுதியும் பேசியும் வந்தேனேயன்றி, எதற்கு வெளியே என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தவனல்லேன். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துப் பழைய மதிலை அகற்றிவிட்டு, நகரத்தைச் சூழ இரட்டை மதிலும் அகழியும் அமைத்தார். அம்மதிலில் கொத்தளங்கள் 72 இருந்தன என்றும், ஒவ்வொன்றின் காவலும் ஒவ்வொரு பாளையக்காரரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது என்றும் சொல்லுவர். உறவினர் சொன்ன இத்தாலியச் சிற்றூரின் கணக்கும் 72 என்பது அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. அங்கே பதினான்கேனும் எஞ்சின. இங்கே மேலவாசற் பக்கத்தில், பேருந்துகளின் இரைச்சலுக்கும் கடைகளின் நெரிசலுக்கும் இடையே, ஒரு கொத்தளத்தின் பகுதி மட்டும் நிற்கிறது. அதனருகே எத்தனையோ நாள் பேருந்துக்குக் காத்து நின்றிருக்கிறேன். அஃது இன்னதென்று அறிந்ததில்லை.

இவ்வளவு பெரிய மதில் எவ்வாறு மறைந்தது? பகைவர் பீரங்கி இதனைத் தகர்க்கவில்லை. மதுரையை ஆண்ட யூசுப்கானை ஒடுக்குவதற்காக ஆங்கிலக் கம்பெனியாரும் ஆர்க்காட்டு நவாபும் 1763-ஆம் ஆண்டிலும் 1764-ஆம் ஆண்டிலும் இக்கோட்டையை முற்றுகையிட்டனர். மதிலைத் தாக்கி உட்புக முயன்றும் அவர்களால் இயலவில்லை. இறுதியில் யூசுப்கானை அவருடைய ஆட்களே பிடித்துப் பகைவரிடம் ஒப்புவித்தனர். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவரது சமாதியைக் கண்டோம். வெளியிலிருந்து வரும் பகைவரைத் தடுக்க வல்லதாயிருந்த அம்மதில், உள்ளிருந்தவர்களின் மனத்தைக் காக்க வல்லதாயில்லை.

மதிலை மறையச் செய்தது சமாதான காலமே. ஊர் பெருகி உள்ளே நெருக்கம் மிகுந்தது. அகழி துர்நாற்றத்திற்கும் காய்ச்சலுக்கும் இருப்பிடமாயிற்று. 1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை, மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முன்வருவோர்க்கு அவ்விடத்து நிலத்தைத் தருவதென்று ஓர் ஏற்பாடு செய்தார். மதிலிருந்த இடங்களில் புதிய வீதிகள் தோன்றின. அவ்வேலையில் அவருக்குத் துணைநின்றவர்களின் பெயரே இன்றும் மாரட் வீதி என்றும், பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் வழங்குகிறது. துரையின் ஞாபகார்த்தமாக நாட்டப்பட்டதே விளக்குத்தூண். எருசலேமின் அலங்கத்தை நெகேமியா திரும்பக் கட்டியபொழுது அவ்வூர்க் குடும்பத்தார் அவரவர் வீட்டுக்கு எதிரான பங்கைக் கட்டினர் என்று வேதபாட வகுப்பில் கேட்டிருக்கிறோம். மதுரையார் அதே முறையில் அவரவர் பங்கை இடித்தனர் போலும்! மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தரையில் ஈரம் கசியும். “அடியிலே தண்ணீர் இருக்கிறது” என்று என் பாட்டியார் சொல்லுவார். தூர்ந்துபோன அகழி எங்கள் வீட்டின் கீழேயும் கிடக்கின்றதோ என்று அன்றுதான் ஐயுற்றேன்.

இரண்டாம் நாள் அதிகாலையில் புகைவண்டியேறித் திண்டுக்கல் சேர்ந்தோம். ஊரின் மேற்கே திண்டுபோலத் தனித்துக் கிடக்கும் பெரும்பாறையே ஊருக்குப் பெயர் தந்தது என்பர். மதுரை இழந்ததைத் திண்டுக்கல் இழக்கவில்லை. 1605-ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் பாறையின்மேல் முழுமையாக இருக்கிறது. வெயில் ஏறுமுன்னர்ப் படிகளில் ஏறினோம். பாறையின் வளைவுக்கு ஏற்ப வளைந்து செல்லும் மதிலும், பருத்த சுவர்களையுடைய ஆயுதசாலையும், மழைநீர் தங்கும் சுனைகளும், கீழே நோக்கிய வாயோடு வெறுமனே கிடக்கும் பீரங்கியும் கண்டோம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலையும், மற்றொரு பக்கம் தொலைவில் பழனிமலைத் தொடரும், இடையே பச்சையும் சாம்பலுமாய் விரிந்த சமவெளியும் தோன்றுகின்றன. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கு வரும் வழியைக் காப்பதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை என்பதைக் கண்ணாலேயே உணரலாம்.

அந்தச் சிறப்பே இக்கோட்டைக்கு ஓய்வின்றிச் செய்தது. 1755-ஆம் ஆண்டில் ஐதர் அலி மைசூரின் சார்பாக இங்கே பவுஜ்தாராக வந்து அமர்ந்தார். அவருடைய உயர்வு இவ்விடத்திலேதான் தொடங்கிற்று என்னலாம். ஆங்கிலேயர் 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் மூன்றுமுறை இதனைப் பிடித்தனர், முதலிருமுறையும் கைநழுவவிட்டனர், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நிலையாகப் பெற்றனர். கணவரை 1772-ஆம் ஆண்டில் காளையார்கோயிலில் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், ஐதரின் ஆதரவைப் பெற்று இப்பக்கத்திலே தங்கியிருந்து, 1780-ஆம் ஆண்டளவில் தம் நாட்டை மீட்டார். அடைக்கலம் தந்த இடம் என்ற அளவில் இக்கோட்டையின்மேல் எனக்குத் தனியன்பு உண்டாயிற்று.

ஆயினும் உச்சியிலுள்ள கோயிலுக்குள் நுழைந்தபொழுது எங்கள் பேச்சு நின்றுவிட்டது. சந்நிதிகள் இருந்தன; மூர்த்திகள் இல்லை. திண்டுக்கல் நண்பர், “அபிராமியம்மனுக்குக் கோயில் கீழே ஊருக்குள் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் போவோம். இங்கே சிறு பிள்ளையாயிருந்தபோது ஒருமுறை வந்ததுதான்” என்றார். தெய்வமும் ஜனங்களும் கீழேயிருக்க, மதிலும் பீரங்கியும் மேலே இருக்கின்றன. தொல்லியல் துறையார் சீட்டுப் பெற்று உள்ளே விடுகின்றனர். சுவர்களைப் பழுதுபாராமல் விடுவதில்லை. ஜனங்களைக் கோட்டை காத்த காலம் போய், கோட்டையை ஜனங்கள் காக்கும் காலம் வந்துவிட்டது. அதுவும் நன்றே, எனினும் கீழே இறங்கும்போது மனம் ஏனோ நிறைவடையவில்லை.

மூன்றாம் நாள் அழகர்கோயிலுக்குச் சென்றோம். மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய பதின்மூன்று மைல் தொலைவில், மலையடிவாரத்தில் உள்ளது இத்திருப்பதி. இதனைச் சூழ உட்கோட்டையும் வெளிக்கோட்டையுமாக இரண்டு மதில்கள் இருந்தன. ஆங்காங்கே சிதைந்தும் மரங்கள் வேரூன்றியும் அவை இன்றும் காணப்படுகின்றன. ஆனால் இங்கே காவல் மதிலில் இல்லை, கதவில் இருக்கிறது. கோபுரவாசலின் பெருங்கதவு எப்பொழுதும் சாத்தியே இருக்கும். அக்கதவையே பதினெட்டாம்படிக் கருப்பராக எண்ணிச் சந்தனம் சார்த்தி வழிபடுகின்றனர். மலையாள நாட்டிலிருந்து மந்திரவாதிகள் பதினெண்மர் அழகரைக் கவர்ந்து செல்ல வந்தனர் என்றும், அவர்களைக் கொன்று பதினெட்டுப் படிகளின்கீழ் புதைத்தனர் என்றும், அவர்களோடு வந்த தெய்வமே இங்கே காவல்தெய்வமாய் நின்றுவிட்டது என்றும் கதை வழங்குகிறது. வழக்குடையோர் இப்படியில் நின்று சத்தியம் செய்வர்; பொய் சொல்ல அஞ்சுவர். கொள்ளையிட வந்த கூட்டத்தின் தெய்வத்தையே காவலுக்கு நிறுத்திய ஊராரின் சாமர்த்தியத்தை வியந்தோம். கல்மதில் சிதைந்தபின்னும் அந்தக் காவல் சிதையவில்லை.

அங்கிருந்து மேலூர் நண்பர் எங்களை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் சென்றார். “அங்கே கோட்டை இல்லையே” என்றேன். “வந்து பாரும்” என்றார். உழுத வயல்களின் நடுவே மொட்டைப் பாறைகள் வரிசையாக எழுகின்றன. கழிஞ்சமலையின் குகைத்தளத்தில் சமண முனிவர் தங்கிய இடமும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. மற்றொரு பாறையில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது. இலகுலீசர் உருவம் இங்கே காணப்படுவது தமிழ்நாட்டில் அருமையானது. பாறைகளின் சரிவில் வழியும் மழைநீர் கண்மாய்களிலே தங்கி, மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. பாறை, சுனை, கண்மாய், வயல், வீடு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பற்றி நிற்பதைச் சற்றுநேரம் பார்த்தாலே விளங்கும்.

இவ்வூரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவித்தனர். இரண்டாண்டு சென்று, 2024-ஆம் ஆண்டு நவம்பரில், இப்பக்கத்தில் ஏறக்குறைய 2,000 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வெட்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்ட செய்தி வெளியாயிற்று. சுற்றுக் கிராமத்தார் கொதித்தெழுந்தனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-ஆம் நாள் சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பெருந்திரளான ஜனங்கள் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு அணிவகுத்து வந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் மத்திய அரசாங்கத்தார் அவ்வேலத்தை ரத்து செய்தனர். அன்று நகரத்தில் போக்குவரத்து நின்றதனால் வகுப்புக்குத் தாமதமாயிற்றே என்று முணுமுணுத்தவன் யான். அக்கூட்டத்தில் தம் தாயாரும் நடந்து வந்ததாக எங்கள் நண்பர் இப்பொழுதுதான் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். “நீர் கேட்கவில்லையே” என்றார்.

கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்களை அழைத்து, “எதப் பாக்க வந்தீங்க, அப்பு?” என்று கேட்டார். கோட்டை பார்க்கப் புறப்பட்டோம் என்றோம். அவர் சிரித்து, “இங்க ஏதப்பு கோட்டை? மலை இருக்கு, கம்மா இருக்கு. அது போச்சுன்னா ஊரு இல்ல” என்று சொல்லி ஆடுகளின் பின்னே சென்றார்.

மூன்று நாளும் மனத்தில் சிக்கிக் கிடந்தது அவர் சொல்லால் அவிழ்ந்தது. மதுரையின் மதில் போயிற்று, ஊர் வளர்ந்தது. திண்டுக்கல்லின் மதில் நிற்கிறது. ஊர் அதைவிட்டுக் கீழே வாழ்கிறது. மதில் இருப்பினும் இல்லாவிடினும் ஊர் ஊராகவே இருக்கும். அரிட்டாபட்டிக்கோ கட்டிய மதில் ஒன்றுமில்லை. இருக்கும் காவல் போனால் ஊரும் போம். இத்தாலியக் குன்றூர்களைக் காண மக்கள் கடல் கடந்து செல்வது தக்கதே. ஆனால் காண்பதற்காக மட்டும் எஞ்சியவை வேறு. வாழ்வதற்காகக் காக்கப்படுபவை வேறு. பின்னதை யான் அறியாதிருந்ததே பெரும்பிழை.

உறவினருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அடுத்த விடுமுறையில் வருவதாகவும், எல்லாவற்றையும் காட்ட வேண்டுமென்றும் பதில் வந்திருக்கிறது. அரிட்டாபட்டியில் நண்பரின் தாயார் எங்கள் அனைவருக்கும் உணவளிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றி எனக்கு ஐயமில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில், ஈரம் கசியும் அந்த மூலையிலிருந்தே தொடங்குவேன்.