கம்பி போன வழி

நம் விமர்சனத்தில் அதிகமாகப் புழங்கித் தேய்ந்துபோன சொல் ஒளி. கவிதையில் ஒரு விளக்கு எரிந்தால் அதைப் படிமமாக எடுத்துக்கொண்டு ஞானம், தரிசனம் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அது மின்விளக்காக இருந்தால் நவீனத்துவம், நகரத் தனிமை. அந்த விளக்குக்கு ஒரு கம்பி வருகிறது, அது யாரோ தீர்மானித்த வழியில் வருகிறது என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை.

காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் மைசூர் சமஸ்தானம் மின்நிலையம் கட்டியது. 1902 ஜூனில் புறப்பட்ட மின்சாரம் சுமார் 92 மைல் ஓடிச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். பாறையை இடித்துப் பொடியாக்க நீராவியைவிட மலிவான சக்தி அவர்களுக்கு வேண்டியிருந்தது. பெங்களூருக்கு அதிலிருந்து விளக்கு வந்தது 1905ல். இடையிலிருந்த கிராமங்களுக்கு மேலே கம்பி போயிற்று, அவ்வளவுதான். இதைத் தொழில்நுட்ப வரலாறு என்பார்கள். எனக்கு இது ஒரு வரிசையாகத் தெரிகிறது: முதலில் கம்பெனி, பிறகு நகரம், ஊர்கள் என்றோ ஒரு நாள்.

கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குறையும். சுரங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நீரைத் தேக்கியாக வேண்டும். 1911ல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அணையையொட்டிச் சென்னை மாகாணத்தோடு எழுந்த தகராறுதான் 1924 ஒப்பந்தம்வரை போயிற்று. காவிரி வழக்கை நெல்லின் வழக்காகவே கேட்டு வளர்ந்த நமக்கு, அதன் வேரில் தங்கமும் கிடப்பது உறைப்பதில்லை.

அந்தத் தங்கத்தை வெட்டியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து போன எங்கள் சனம். மூங்கில் தட்டி வீடுகள், நுரையீரலில் பாறைத்தூள். 2001ல் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே வேலை பார்த்த என் பெரியப்பாவுக்குக் கரண்ட் என்றால் வெளிச்சம் இல்லை, காற்று. "கரண்டு நின்னா கீழ காத்து நின்னுடும்" என்பார். வங்கியில் நகைக்கடனுக்கு வருகிற வளையல்களை எடை போடும்போது சில சமயம் அந்த வாக்கியம் ஞாபகம் வரும். மோட்டார் வாங்கவும் போர் போடவும் அடகுக்கு வருகிறவை அவை.

அயோத்திதாசர் 1907ல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் தீவிரமான வாசகர்கள் இருந்தார்கள். ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் அதை எந்த விளக்கில் படித்தார்கள்? பக்கத்து ஆலை மின்சாரத்தில் இரைந்துகொண்டிருக்க, இவர்களுக்குச் சிம்னி விளக்குதான் இருந்திருக்க வேண்டும். நம் நவீன வாசிப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சமூகவியல் என்று ஒதுக்குகிற நண்பர்கள் உண்டு. கவிஞன் மின்வாரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிசை இன்னும் மாறவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நிலக்கரிக்குப் பதில் வெயிலையும் காற்றையும் பிடிக்கிற இன்றும், நிலம் ஓரிடத்தில் போகிறது, வெளிச்சம் வேறிடத்துக்குப் போகிறது. ஒளியைப் பற்றி எழுதுகிற விமர்சகனுக்கு இருட்டு எங்கே விடப்பட்டது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத ரசனை முழுமையானதல்ல.