பருவம் தப்பிய பயணம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழைய நினைவுகளை எழுத என்னிலும் மூத்தோர் பலர் உளரே என்று சொல்லி ஒதுங்க எண்ணினேன். ஆயினும், கீழ்வகுப்பில் எமக்குப் பூமிசாஸ்திரம் கற்பித்த ஆசிரியர், இத்தாலி தேசத்தை ஒரு நெடும் பாதணியாகவும், அதன் நுனியால் உதைபடும் கல்லாகச் சிசிலித் தீவையும் கரும்பலகையில் வரைந்து காட்டிய காட்சி நினைவில் எழுந்தது. அந்தக் கல்லின்மேல் 2018ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் என் மனைவியோடு போய்ப் பதினாறு நாள் தங்கினேன். அதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

கோடையில் அங்கே போவோர் செல்வர்; குளிர்காலத்திற் போவோர் என்போன்ற ஓய்வூதியர். நான் பிடித்த அறைகளின் வாடகை, கோடை வாடகையிற் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கை இலண்டனில் எங்கள் குசினி மேசையில் வைத்து விளக்கியபோது, என் மனைவி, “மலிவெண்டு போய் விறைச்சுச் சாகிறதோ?” என்று ஒரே கேள்வி கேட்டாள். அக்கேள்வியின் நியாயம் எனக்குப் பின்னரே புலனாயிற்று.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கே தங்கினாலும் அவள் பெட்டியை முற்றாகத் திறப்பதில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் பூட்டிவிடுவாள். கைப்பை தலைமாட்டில் இருக்கும். அதனுள் கடவுச்சீட்டுகள், மருந்து, ஒரு மின்சூள், ஒரு சிறு போத்தல் தண்ணீர். பிள்ளைகளின் வீட்டிலுங்கூட இப்படித்தான். இதை அவளுடைய சுபாவம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

உரோமாபுரியிலிருந்து புகையிரதத்திற் சென்றோம். தீவுக்குப் புகையிரதமா என்று மாணவர் வியக்கக்கூடும். மெசினா நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் அகலமே. கரையை அடைந்ததும் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். பிரயாணிகள் மேல்தட்டுக்கு ஏறிக் கோப்பி குடித்துவிட்டு இறங்கி வர, வண்டி மறுகரையில் மீண்டும் பூட்டப்படுகிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1964இன் புயல்வரை கப்பலேறிச் சென்றவர்கள் இதனை ஆசையோடு பார்ப்பார்கள். மறுகரையில் உள்ள மெசினா நகரம் 1908ஆம் ஆண்டு மார்கழி 28ஆந் திகதி நிலநடுக்கத்தில் அழிந்து மீள எழுந்தது. தீவோ இலங்கையின் பரப்பில் மூன்றிலொன்றுக்குச் சற்று மேலானது.

முதலில் தங்கியது தாவோர்மீனாவில். கடலுக்கு மேல் மலைவிளிம்பில் அமைந்த ஊர்; கோடையில் நடக்க இடமிராதாம். நாங்கள் போன வாரம் கடைகளிற் பெரும்பாலானவை பூட்டியிருந்தன. விடுதிச்சாலைகளுட் பல பங்குனிவரை திறப்பதில்லை. எங்களுடையது திறந்திருந்தது, ஆனால் அத்தனை அறைகளுக்கும் விருந்தினர் நாங்கள் இருவர் மட்டுமே! உணவு மண்டபத்தில் நாற்பது மேசைகளுக்கு நடுவே ஒரு மேசைக்கு மட்டும் விரிப்பு இட்டிருந்தார்கள். நடைவழி விளக்குகள் நாம் நடக்க எரிந்து, நாம் நிற்க அணைந்துபோகும். பரிசாரகர் ஒருவரே கணக்கரும் பெட்டி தூக்குபவருமாக இருந்தார். யன்னலைத் திறந்தால் எத்னா மலை உச்சியிலிருந்து அடிவரை வெண்பனி போர்த்துப் புகைவிட்டுக்கொண்டு நின்றது. நான் கொடுத்த பணத்துக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். அவளுக்கு அது போதவில்லை. நாங்கள் போனவுடன் கடவுச்சீட்டுகளை வாங்கிக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். தங்குவோர் விபரங்களைக் காவற்றுறைக்கு அறிவிக்கவேண்டும் என்பது இத்தாலியச் சட்டம்; எல்லார்க்கும் பொதுவானது. கொழும்பு விடுதிகளிற் பொலிஸ் பதிவுத் துண்டோடு இருந்து பழகிய நம்மவர்க்கு அதன் சுவை வேறு. அவை திரும்பி வரும்வரை அவள் மேலங்கியைக் கழற்றாமற் கதிரையிலேயே இருந்தாள்.

சிராக்கூசாவில் நான் எடுத்தது ஒரு வீடு. பழைய நகரமாகிய ஒர்த்தீஜியா என்னுஞ் சிறு தீவில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. படத்தில் அது மிக அழகாயிருந்தது. உள்ளே போனால் சுவரில் ஈரம் கசிந்து பூஞ்சணம் பிடித்திருந்தது, தளமோ கல். சூடேற்றும் கருவி ஒன்றும் இல்லை. தீவின் கரையோர நகரங்களில் மார்கழி முதலாந் திகதியிலிருந்து பங்குனி முடிவுவரை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் கட்டிடங்களைச் சூடேற்றலாம் என்று சட்டம் வகுத்திருக்கிறார்கள். கருவியே இல்லாத வீட்டுக்குச் சட்டம் என் செய்யும்? உரிமையாளரின் முகத்தை நாங்கள் கண்டதில்லை; செய்தி அனுப்பினால் ஒரு சிரித்த முகப் படம் மட்டும் பதிலாக வரும். மூன்றாம் நாள் சுடுநீரும் நின்றது. அன்று எங்களுக்குள் வாய்த்தர்க்கம் மூண்டது. மலிவைப் பார்த்த என் புத்தியை அவள் ஏசினாள். எந்த வீட்டிலும் உமக்கு மனம் ஒட்டாதே என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் பதில் பேசாமல் எழுந்து வெளியே போனாள். நான் பின்னால் நடந்தேன்.

அவள் போய் நின்ற இடம் அரெத்தூசா ஊற்று. கடல் அலை மோதும் மதிலுக்கு இப்பால், வட்டமான ஒரு கேணியில் நிலத்தடி நீர் ஊறிப் பெருகுகிறது. உள்ளே பப்பிரசுக் கோரை வளர்ந்திருக்கிறது, தாராக்கள் நீந்துகின்றன. கிரேக்க நாட்டிலே நதித்தெய்வம் ஒன்று துரத்த, அரெத்தூசா என்னும் அணங்கு நீராகிக் கடலின் கீழால் ஓடிவந்து இங்கே எழுந்தாள் என்பது பழங்கதை. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கீரிமலை சைக்கிளிற் கால் மணித்தியாலத் தூரம். அங்கும் கடலோரம், அங்கும் நன்னீர், அங்கும் ஒரு கதை. கீரிமுகம் நீங்கப்பெற்ற முனிவருடையது. நான் அதைச் சொல்லத் தொடங்கியபோது, “தெரியும், பேசாமல் நில்லுங்கோ” என்றாள். அரை மணித்தியாலம் நின்றோம்.

அவ்வூர்த் தேவாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் அதீனா தேவிக்கு எடுத்த கோயிலின் தூண்களுக்கு இடையே சுவர் வைத்து அதனைக் கிறிஸ்தவ ஆலயமாக்கினார்கள். 878இல் நகரைப் பிடித்த அராபியர் பள்ளிவாசலாக்கினர். நோர்மானியர் காலத்தில் மீண்டும் ஆலயமாயிற்று. பருத்த தூண்கள் சுவரிலிருந்து இன்றும் பாதி உடலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அக்ரிஜெந்தோவில் உள்ள கொன்கோர்தியா கோயிலும் 6ஆம் நூற்றாண்டில் ஆலயமாக மாற்றப்பட்டமையாலேயே ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது என்பர். நாங்கள் அங்கே போன காலையில் வாதுமை மரங்கள் இலையின்றி வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தன. கோயிலைச் சுற்றி எங்களோடு எட்டுப்பேர் நின்றிருப்பார்கள். ஒரே இரவு தங்கினோம், விடுதி சுமார்.

அதன்பின் வாடகைக் காரில் மேற்கே பெலிசுப் பள்ளத்தாக்குக்குப் போனோம். கமக்காரர் தம் வீட்டில் விருந்தினரை ஏற்கும் வழக்கம் இத்தாலியில் உண்டு. அத்தகைய வீடு ஒன்று. ஒலிவ மரங்களுக்கு நடுவே இருந்தது. வீட்டுக்காரி அறுபத்தைந்து வயதுக் கைம்பெண். வாசலிலே எங்கள் கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அறையைக் காட்டாமல் நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் விறகடுப்பின் முன் இருத்தினார். நாங்கள் மச்சம் மாமிசம் உண்ணோம் என்பதைப் பள்ளிக்குப் போகும் பேத்தி அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கிச் சொன்னாள். கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் சேர்த்து ஒரு கறி வந்தது. கப்பொனாத்தா என்றார்கள், நம்நாட்டுக் கத்தரிக்காய் மோசுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்றே சொல்லலாம். முற்றத்துத் தோடம்பழங்களை வெட்டினால் உள்ளே இரத்தச் சிவப்பு. சாப்பிட்டபின் என் மனைவி எழுந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். அந்த அம்மையார் தடுக்கவில்லை. துடைக்கத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

பேத்தியின் மூலம் அவருடைய கதை தெரியவந்தது. 1968ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி இரவும் மறுநாள் அதிகாலையும் அப்பள்ளத்தாக்கை நிலநடுக்கம் குலுக்கியது. ஜிபெல்லீனா, பொஜ்ஜோரெயாலே, சலப்பரூத்தா, மொந்தேவாகோ ஆகிய நான்கு ஊர்களும் அடியோடு அழிந்தன. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம்பேர் வீடிழந்தார்கள். அவர் ஜிபெல்லீனாவில் பிறந்தவர். அப்போது வயது பதினைந்து. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தகரக் கொட்டிலில் இருந்தே மணம் முடித்து, அங்கேயே இரண்டு பிள்ளைகளையும் பெற்றார். பத்தாண்டுக்கு மேல் இருந்தாராம். புதிய ஜிபெல்லீனாவை வேறோரிடத்தில், அகன்ற வீதிகளும் பெரிய சிற்பங்களுமாக எழுப்பினார்கள். அங்கே குடியேற அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் போனபோது ஐம்பது ஆண்டு நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

மறுநாள் பேத்தி பள்ளிக்குப் போய்விட்டாள். அம்மையார் எங்கள் காரில் ஏறிக்கொண்டு வழி காட்டினார். பழைய ஊரின் இடிபாடுகளை அல்பேர்த்தோ புர்ரி என்னுங் கலைஞர் வெண்சீமெந்தால் மூடியிருக்கிறார். 1980களில் தொடங்கிய வேலை 2015இலேதான் நிறைவுற்றது. மலைச்சரிவில் விரித்த ஒரு வெள்ளைப் போர்வைபோலத் தூரத்திலிருந்து தெரிகிறது. கிட்டப் போனால் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த சீமெந்துக் கட்டிகள். அவற்றிடையே பிளவுகளாக ஒழுங்கைகள். பழைய தெருக்கள் போன வழியைத் தழுவியே அப்பிளவுகளை விட்டிருக்கிறார்கள். வீடுகள் உள்ளே புதைந்திருக்கின்றன. கடுங்காற்று, எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மையார் தயங்காமல் நடந்து, இரண்டிடத்தில் திரும்பி, ஒரு கட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் சொன்னது இன்னதென்று விளங்கிற்று.

அப்போது என் மனைவி தமிழிலே பேசத் தொடங்கினாள்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் வெளியேறியபோது நான் மஸ்கற்றில் வேலையில் இருந்தேன். அவள் இரண்டு பிள்ளைகளோடும் என் தாயாரோடும் தனியே நடந்தாள். பின்பு யார் யாருடைய வீடுகளிலோ, பாடசாலைகளிலோ இருந்தார்கள். 1995இல் மறுபடியும் ஓடினார்கள். இவை நான் அறிந்தவை. அவள் அந்த அம்மையாரிடம் சொன்னது நான் அறியாதது. “ஆடுகளை அவிட்டு விட்டிட்டன். மாமியைச் சைக்கிளிலை ஏத்திற அந்தரத்திலை மாட்டை அவிழ்க்க மறந்துபோனன். சந்திக்கு வந்தாப்பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போக விடேல்லை. கட்டினபடி நிண்டது.” இதையே இரண்டு மூன்று முறை சொன்னாள். மாடு கட்டியிருந்த விதத்தைக் கையாற் காட்டினாள். அம்மையாருக்குச் சொல் விளங்கியிராது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தம் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவள் தலையிற் சுற்றிவிட்டார். நான் ஏழெட்டு அடி தள்ளி நின்றேன். இருபத்தெட்டு ஆண்டுகளில் அதைப்பற்றி நான் அவளிடம் ஒரு கேள்விதானும் கேட்டதில்லை.

அவ்வீட்டில் இரண்டு இரவு என்று பதிவு செய்தவர்கள் ஐந்து இரவு தங்கினோம். மேலதிக நாட்களுக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

பலேர்மோவுக்கு எஞ்சியவை மூன்றே நாட்கள். அந்நகரில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். கடலைமாவில் தட்டிப் பொரித்த பனெல்லேயைப் பாணுக்குள் வைத்து விற்கும் ஒரு தெருக்கடையில், எங்களுக்கு முன் நின்றவர் வட்டுக்கோட்டைக்காரர். 1624இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் றொசலியா அம்மனின் குகைக்கோயில் பெலெகிரீனோ மலையில் இருக்கிறது. கிறிஸ்தவரும் சைவருமாகத் தமிழர்கள் அங்கே நேர்த்தி வைத்து மலையேறுவதை அவர்தான் சொன்னார். நாங்களும் போனோம். குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்தி வழிந்தோட விடுகின்றன.

அன்றிரவு விடுதியறையில் விளக்கை அணைக்க எழுந்தேன். முந்திய ஆண்டு, எங்கள் காணி விடுவிக்கப்பட்டபின், நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் வர மறுத்துவிட்டாள், வந்தபின்னும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“இஞ்சாருங்கோ, கொட்டிலடி கிடக்குதோ?” என்றாள்.

“இல்லை. வீடும் இல்லை. அத்திவாரத்திலை கொஞ்சமும் கிணறும் கிடக்குது.”

“தண்ணி?”

“நல்ல தண்ணி. அள்ளிக் குடிச்சுப் பார்த்தனான்.”

சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு எழுந்து பெட்டியைத் திறந்து, மறுநாள் உடுக்கவேண்டிய சேலையை எடுத்துக் கதிரையில் விரித்துப் போட்டாள். பெட்டியைப் பூட்ட மறந்து படுத்துவிட்டாள். நான் அதை நினைவூட்டவில்லை.