நிற்பதற்காகக் கட்டப்படும் சைக்கிள்

இட்லி விற்கிற சைக்கிளை ஓட்டத்துக்காகக் கட்டுவதில்லை, நிற்பதற்காகக் கட்டுகிறார்கள். மும்பை வடாலாவில், அன்டாப் ஹில் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சைக்கிள் கடையில் ஒரு பொழுது உட்கார்ந்திருந்தால் இது விளங்கிவிடும். யாவாரத்தை முடித்துக்கொண்டு பதினொரு மணிவாக்கில் இட்லி விற்கும் அண்ணாச்சி ஒருவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பிரேக்கையும் செயினையும் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"ஸ்டாண்டு இடது பக்கமா சரியுது பாய், என்னன்னு பாருங்க."

கடையின் மிஸ்திரி உத்தரப் பிரதேசத்துக்காரர். வடாலாத் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் முக்கால்வாசி வந்துவிட்டது, மிச்சத்தை இந்தியால் நிரப்பிக்கொள்கிறார். "வஜன் எல்லாம் ஒரே சைடுல போட்டா ஸ்டாண்டு க்யா கரேகா அண்ணா?" கனமெல்லாம் ஒரே பக்கம் என்றால் ஸ்டாண்டு என்ன செய்யும் என்கிறார்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். மூன்று மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தால் ஐந்தரைக்கு வண்டி தெருவில் இருக்கும். முதல் நிறுத்தம் லாரி டெர்மினல் ஓரம். நாமக்கல் லாரிகளில் வந்து இறங்கும் ஓட்டுநர்களும் கிளீனர்களும் பல் விளக்கிய கையோடு வந்து நிற்பார்கள். அப்புறம் குடியிருப்புகள். ரப்பர் குமிழ் வைத்த ஹாரனை இரண்டு தடவை அழுத்தினால் போதும், மேல்மாடியிலிருந்து பாத்திரத்தோடு ஆள் இறங்கும். ஐந்தரை மணி நேர யாவாரத்தில் அவர் பெடல் மிதிப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இராது. மிச்ச நேரமெல்லாம் வண்டி ஸ்டாண்டில்தான்.

சுமையை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு இட்லி 50 கிராம் என்றால் 300 இட்லிக்கு 15 கிலோ. சாம்பார் 10 லிட்டர், தண்ணீர் 5 லிட்டர். சட்னி, வடை, அடுக்குகளின் எடை எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவை நெருங்கும். இதையெல்லாம் கட்டி ஏற்றிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. இந்தச் சுமை காலை முழுக்கக் கரைந்துகொண்டே போவதும், எல்லாம் ஒரே வேகத்தில் கரையாமல் இருப்பதும்தான் மிஸ்திரிக்குத் தலைவலி. இரண்டு இட்லி வாங்குகிறவர் மூன்று தடவை சாம்பார் கேட்பார். சட்னி அவ்வளவு போகாது. சாம்பார் கேனை வலப்பக்கமும் சட்னி வாளியை இடப்பக்கமும் தொங்கவிட்டால் புறப்படும்போது நேராக நிற்கிற வண்டி எட்டு மணிக்கு இடப்பக்கம் சாய்கிறது. அன்றைக்கு வந்த குறையும் இதுதான்.

மிஸ்திரி ஸ்டாண்டைத் தொடவே இல்லை. கொக்கிகளை மாற்றினார். சாம்பாருக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் கேன் வந்தது. சாப்பிடுகிறவர்கள் குடிப்பதும் கை கழுவுவதும் அதிலிருந்துதான், ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே குறையும். சட்னி வாளி ஹேண்டிலுக்குப் போனது. பின்னால் முழுச் சுமையும் இருக்கும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க அங்கேயும் கொஞ்சம் கனம் வேண்டுமாம். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இதற்குத் தனிப் பாடம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஸ்டாண்டு என்றால் கம்பெனியிலிருந்து வந்தது அல்ல, தடித்த கம்பியை வளைத்துச் செய்தது. அடியில் இரண்டு பட்டைத் தகடு பற்றவைத்திருக்கிறது. மே மாத வெயிலில் தார் இளகும்போது வெறும் கம்பியாக இருந்தால் உள்ளே இறங்கிவிடும். உயரத்தில்தான் சூட்சுமம். ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பினால் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 40 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டியது அண்ணாச்சியின் இடுப்பு. ரொம்பத் தாழ்வாக வைத்தாலோ டயர் தரையில் பட்டு, யாராவது இடித்தால் வண்டி நகர்ந்துவிடும்.

மற்றதெல்லாம் வழக்கமான பலப்படுத்தல். கேரியருக்கு அடியில் இரண்டு கம்பி முட்டுக் கொடுத்து அச்சு வரை இறக்கியிருக்கிறார்கள். மேலே ஒரு மரப்பலகை. அடுக்கின் கனம் அச்சுக்குப் பின்னால் போகக் கூடாது என்பதற்காகப் பலகை சீட்டை ஒட்டியே இருக்கும். கட்டுவதற்குக் கயிறு கிடையாது, பழைய ட்யூபை நாடாவாக வெட்டியதுதான். கயிறு குலுங்கலில் தளரும், ரப்பர் இறுகப் பிடிக்கும். பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக், பின்சக்கரத்துக்கு 40. பல்சக்கரப் பக்கத்தில் ஸ்போக் உடைந்தால் ஃப்ரீவீலையே கழற்ற வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்தை மாதம் ஒரு தடவையாவது தட்டிப் பார்த்துவிடுகிறார் மிஸ்திரி.

பாத்திரங்களில் அண்ணாச்சி யார் பேச்சையும் கேட்பதில்லை. இட்லிக்கு அலுமினிய அடுக்கு, ஏனென்றால் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். சாம்பாருக்கு மட்டும் கனத்தைப் பார்க்காமல் எவர்சில்வர். புளி அலுமினியத்தை அரிக்கும்.

சுமை கட்டுகிற வித்தை இந்தச் சந்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டையாடுகிறவர்கள் சுட்ட மானைக் கீழே கொண்டுவர முன்பு மட்டக்குதிரைகளை வைத்திருந்தார்கள். இப்போது பலர் நாலு சக்கர பைக்குக்கு மாறி, முன்னும் பின்னும் இரும்புத் தட்டு பொருத்திக்கொள்கிறார்கள். கனத்தைத் தாழ்வாக வை, இறுக்கிக் கட்டு, சரிவில் குறுக்கே போகாதே என்பது அங்கே பாலபாடம். முதல் இரண்டையும் இந்தச் சந்திலும் அப்படியே கேட்டேன். ஆனால் அவர்களுடைய மான் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. அந்த வகையில் அண்ணாச்சியின் வண்டிதான் கடினமான கணக்கு.

வடாலாவில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிழக்கு மும்பையின் ஆர்.டி.ஓ. இங்கேதான் இருக்கிறது, எம்.எச். 03 எண் கொடுக்கும் அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாகச் சொன்னது. சைக்கிளுக்கு அந்தச் சட்டம் இல்லை என்பதால், இந்த வட்டாரத்தில் தலை முதல் கால் வரை மாற்றப்பட்ட வண்டி அந்த வாசலுக்குப் போகவே தேவையில்லாமல் தினமும் அதைத் தாண்டிப் போகிறது. டி.வி.எஸ். எக்ஸ்எல் வாங்கலாமே என்று கேட்டதற்கு அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். "லைசென்ஸ், இன்சூரன்ஸ், பெட்ரோல்... நிக்கிற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்?"

அவருடையது அட்லஸ். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனி, சாகிபாபாத்தில் இருந்த கடைசி ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பதைச் செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. இந்தக் கடையில் அதற்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஃப்ரேமைத் தவிர அந்த வண்டியில் அட்லஸ் கொடுத்தது எதுவும் மிச்சமில்லை.

கொக்கி வேலை முடிந்ததும் பேச்சு மழைக்காலத்துக்குத் திரும்பியது. கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை நனைந்த நிக்கல் ரிம்மில் வழுக்கும், 40 கிலோவை அது பிடிக்காது. வேறு பிரேக் போட்டுத் தரட்டுமா என்று மிஸ்திரி கேட்டார். அண்ணாச்சி வேண்டாம் என்றார். ஜூன் பிறந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டு, பாலத்து இறக்கங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறாராம். அந்தப் பணத்துக்கு ஸ்டாண்டில் இன்னொரு ஸ்பிரிங் மாட்டச் சொன்னார்.