செவில் ஆரஞ்சின் கசப்பும் அடுப்பும்

இங்கிலாந்தின் கடைகளில் சனவரியை ஒட்டிச் சில வாரங்களே தலைகாட்டும் செவில் ஆரஞ்சு, உரித்து அப்படியே தின்பதற்குரிய பழமன்று. தென் ஸ்பெயினின் செவில் நகரத் தெருக்களில் நிழல்மரமாக நிற்கும் கசப்பு ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த இப்பழம், தடித்த தோலும் ஏராளமான விதைகளும் பல்லைக் கூசவைக்கும் புளிப்பும் உடையது. விளையும் மண்ணில் பெரிதாக மதிக்கப்படாத இதனை விரும்பி வாங்குவோர் பிரித்தானியரே. அவர்கள் அதனைக் கொண்டு செய்வது மார்மலேடு, அதாவது பழச்சாற்றையும் நறுக்கிய தோலையும் சர்க்கரையுடன் காய்ச்சி உறையவைத்து, வாட்டிய ரொட்டியில் தடவி உண்ணும் பாகு.

ஒரு கிலோ பழத்திற்கு இரண்டு கிலோ சர்க்கரை என்பது வீடுகளில் பரவலாக வழங்கும் கணக்கு. பழத்தை இரண்டாக அரிந்து சாறு பிழிந்தபின், விதைகளையும் தோலின் உட்புறத்து வெள்ளைச் சதையையும் வீசிவிடாமல் மெல்லிய துணியில் முடிந்து, நறுக்கிய தோலோடு தண்ணீரில் வேகவிடுகின்றனர். தாவரச் செல்களின் சுவர்களைப் பிணைத்து நிறுத்தும் பெக்டின் என்னும் பொருள் அவற்றில்தான் மிகுதியாக உள்ளது, அதுவே புளிப்போடும் சர்க்கரையோடும் கூடிப் பாகை உறையச் செய்கிறது. தோல் இரு விரல்களுக்கிடையே நசுங்கும் அளவு வெந்த பின்னரே சர்க்கரை சேரவேண்டும். முந்திச் சேர்த்தால் தோல் விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் மிருதுவாகாது. அதன்பின் ஏறத்தாழ 105 பாகை செல்சியசை எட்டும்வரை கொதிக்கவைத்து, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்க்கின்றனர். மேற்பரப்பு சுருங்கினால் பதம் வந்துவிட்டது. அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் கைக்கு இச்சோதனை எளிதில் வசப்படும். இறக்கியவுடன் புட்டியில் ஊற்றினால் தோல்கள் மேலே மிதந்துவிடும் என்பதால், கால்மணி நேரம் ஆறவிடுவது நலம்.

ஸ்காட்லாந்தின் டன்டீ நகரத்துக் கெய்லர் குடும்பத்தார் 1797-ஆம் ஆண்டளவில் மார்மலேடைக் கண்டுபிடித்தனர் என்னும் கதை பெயர்பெற்றது. எனினும் அதற்கு முந்தைய சமையல் ஏடுகளிலேயே செய்முறைகள் காணப்படுவதால், அவர்களை வணிகமாக்கியவர்கள் எனக் கொள்வதே பொருந்தும்.

உப்புச்சுவை உணவிலும் இப்பழத்திற்கு உரிய இடம் உண்டு. பிரெஞ்சுக்காரரின் பிகராட் என்னும் வாத்துக் குழம்பில், சர்க்கரையைப் பழுப்பாகக் கருக்கி வினிகரால் அணைத்து, வாத்தெலும்பு வேகவைத்த சாற்றையும் கசப்பு ஆரஞ்சுச் சாற்றையும் அதில் ஊற்றிச் சுண்டவைக்கின்றனர். வாத்தின் கொழுப்புத் திகட்டலை முறிப்பது இக்கசப்பே. உணவகங்கள் பலவும் இனிப்பு ஆரஞ்சைப் பயன்படுத்துவதால் இறைச்சியின்மீது சர்பத்தை ஊற்றியதுபோல் ஆகிவிடுவது வருந்தத்தக்கது. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியிலோ, செந்நிறம் தரும் அச்சியோத்தே விதை விழுதைக் கசப்பு ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துப் பன்றியிறைச்சியில் பூசி, வாழையிலையில் பொதிந்து சுடுகின்றனர்.

நாரத்தங்காய் எளிதில் கிடைக்காத இங்கிலாந்தில், தயிர்சாதத்திற்குச் செவில் ஆரஞ்சை ஊறுகாய் போட முற்படும் தமிழ் இல்லத்தார் தோலோடு நறுக்கி உப்பில் ஊறவிடலாம். சனவரி வெயிலை நம்ப இயலாத மாதமாதலால் குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்திக்கொள்வது உதவும். விதைகளை மட்டும் முழுவதும் நீக்கிவிடவேண்டும், ஏனெனில் மார்மலேடை உறையவைக்க உதவும் அவை ஊறுகாயில் கசப்பையே கூட்டும்.