கடற்கரைப் பிள்ளைக்கு எந்த வாத்தியம்?

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புத்தளப் பெருந்தெரு, நீர்கொழும்பைக் கடந்து மகா ஓயாவைத் தாண்டியதும் புத்தளம் மாவட்டத்துள் புகுகின்றது. இடப்புறம் கடல், வலப்புறம் தென்னந்தோட்டங்கள், இடையிடையே மாதா கோயில்களின் வெண்ணிறக் கோபுரங்கள். ஏறக்குறைய 80 கிலோமீற்றர் சென்றால் சிலாபம் வந்துவிடும். காட்சியின்பம் நாடி இவ்வழியே செல்வோர் பலர். நாம் சென்ற நோக்கம் வேறு.

‘பிள்ளைக்கு ஒரு நரம்பு வாத்தியம் பழக்க விரும்புகிறோம், எதைத் தெரிந்தெடுப்பது?’ என்று இக்கரையோரத் தமிழ்க் குடும்பத்தினர் நம்மிடம் கேட்பதுண்டு. வீணையா, வயலினா, கித்தாரா? நகரத்துக் கடை வாசலில் நின்று இதற்கு விடை காண்பதிலும், அப்பிள்ளை வளரும் ஊரையும் அங்கு வீசும் காற்றையும் நேரிற் கண்டு விடை கூறுவதே முறையெனத் தோன்றிற்று. ஆகவே புறப்பட்டோம்.

முதலில் முன்னேசுவரம். சிலாபத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்திலுள்ள இப்பழம்பதி, 1578 ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டு, 1753 ஆம் ஆண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்தது. வடிவாம்பிகை சந்நிதியிலே குழந்தைகளை அழைத்துக்கொண்டு நிற்கும் தாய்மாரைக் கண்டபோது, நவராத்திரியும் கலைமகளின் கையில் விளங்கும் வீணையும் நினைவுக்கு வந்தன. தமிழ் வீட்டில் நரம்பு வாத்தியம் என்றவுடன் வீணையே முதலில் மனத்தில் தோன்றுதல் இயல்பே.

வீணையின் பெருமை பெரிது. பலா மரத்தாற் குடைந்தெடுத்த குடம், 24 மெட்டுகள், வாசிப்புக்கு நான்கும் சுருதிக்கும் தாளத்துக்கும் மூன்றுமாக ஏழு தந்திகள். மெட்டுகள் இருப்பதால் தொடக்கத்திலேயே சுரம் இடறாது ஒலிக்கும். பிள்ளை மனஞ்சோராது பயிலும். வாசித்துக்கொண்டே பாடவும் இயலும். ஆயினும் அது நான்கு அடி நீளமுள்ள வாத்தியம். ஏழு வயதுப் பிள்ளையின் கை தந்தி முழுவதும் எட்டுவது எளிதன்று. பேருந்தில் ஏற்றி ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டு செல்வதோ அதனினும் அரிது. மெட்டுகள் மெழுகின் மேல் நிற்பவை. வெப்பம் மிகுந்தால் மெழுகு இளகும். மெட்டு நிலை பிசகும். அதனைச் சீர்செய்யத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். வீட்டிலே நிலையாக வைத்துப் பயிலவும், ஆசிரியர் வீடு தேடி வரவும் வசதியுடையோர்க்கு வீணை மிக நன்று.

சிலாபத்திலிருந்து மேலும் வடக்கே சென்று, பெருந்தெருவை விட்டு மேற்கே திரும்பினால் உடப்பு. திரௌபதை அம்மன் கோயிலும் ஆடி மாதத் தீமிதிப்பும் இவ்வூரின் பெயரைத் தூரத்துக்கும் கொண்டு சென்றுள்ளன. கரைவலை இழுப்போர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஒருமித்துப் பாடும் அம்பாப் பாடல் இவ்வூரின் செல்வம். வலையின் பாரத்தைப் பாட்டினால் பகிர்ந்துகொள்ளும் மக்கள் இவர்கள். இங்குள்ள பிள்ளைகள் சுருதியையும் தாளத்தையும் தாலாட்டோடு சேர்த்தே கேட்டு வளர்கிறார்கள்.

அங்கே ஒரு தாயார் கூறிய சொல் நம் நெஞ்சில் தைத்தது. “பிள்ளை நல்லாய்ப் பாடுவாள், ஐயா. வாத்தியத்தை வாங்கிக் கொடுத்தால் பாட்டை விட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்” என்றார் அவர்.

அந்த அச்சம் பொருளற்றதன்று. பழந்தமிழர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு யாழை வகுத்தனர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரியது விளரி யாழ். அந்த யாழ் இன்று எங்கே? பாணர் குலம் மறைந்தது, கற்பிப்பாரும் கற்பாரும் அற்றனர், யாழும் மறைந்தது. மட்டக்களப்பு மண் தந்த விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை வெளியிட்டே அதன் அமைப்பை நமக்குக் காட்ட வேண்டியதாயிற்று. ஆசிரியனிடமிருந்து மாணவனுக்குச் செல்லும் வழி அறுந்துபோனால், எத்துணை உயர்ந்த வாத்தியமும் ஏட்டளவிலே நின்றுவிடும். ஆகையால் பெற்றோர் முதலில் தேட வேண்டியது வாத்தியக் கடையை அன்று. வாரந்தோறும் தவறாது சென்று வரக்கூடிய தூரத்திலுள்ள ஆசிரியரையே. ஆசிரியர் இல்லாத வீணையினும் ஆசிரியர் உள்ள வயலின் மேலானது.

உடப்பை விட்டு முந்தல் வழியாகப் பாலாவிச் சந்தியை அடைந்து, இடப்புறம் திரும்பிக் கற்பிட்டித் தெருவிற் சென்றோம். ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். நடுவே மணற்பாங்கான நிலம். இத்தெருவைச் சார்ந்த தலவிலையில் புனித அன்னம்மாள் திருத்தலம் உள்ளது. தமிழரும் சிங்களவரும் திருவிழாக் காலத்தில் இங்கே திரள்வர். இக்கரையின் கத்தோலிக்கக் கோயில்களில் பாடகர் குழுவோடு வயலினும் கித்தாரும் ஒலிப்பது புதிதன்று.

கித்தாரைச் சிலர் இளக்காரமாக எண்ணுகின்றனர், அது தவறு. ஆறு தந்திகளும் மெட்டுகளும் உடைய அவ்வாத்தியம், பாடும் பிள்ளைக்கு உற்ற துணை. நைலோன் தந்தி பூட்டிய சிறிய கித்தார் பிஞ்சு விரலை வருத்தாது, நைலோன் துருப்பிடிப்பதுமில்லை. ஆனால் நம் இசைக்கு உயிரான கமகம் அதில் எளிதில் அமையாது. மேலைநாட்டு மண்டலினைக் கருநாடக இசைக்குப் பணியவைத்த யு. ஸ்ரீநிவாஸ் போன்ற மேதைகள் உண்டு; எனினும் அரிய மேதையை அளவுகோலாகக் கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி வகுத்தல் பொருந்தாது.

வயலினும் கடல் கடந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனை ஐரோப்பிய முறையிற் கற்று, நம் சங்கீதத்துக்கு ஏற்றவர்களுள் முதன்மையானவர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்கு 1834 ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் இழைத்த வயலின் பரிசளித்தார். இன்று அதே நான்கு தந்திகளைச் சட்சமமும் பஞ்சமமுமாகச் சுருதி கூட்டினால் கீர்த்தனம் பிறக்கும். மேலைநாட்டு முறையிற் கூட்டினால் தேவாலயக் கீதம் பிறக்கும். இந்துவும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வாழும் இக்கரைக்கு இதனினும் பொருத்தமான வாத்தியம் வேறு யாது?

வயலினுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கால், அரை, முக்கால், முழு எனப் பிள்ளையின் கைக்கேற்ற அளவுகளில் அது கிடைக்கின்றது. ஏழெட்டு வயதில் பெரும்பாலும் அரை அளவு பொருந்தும். தோளில் வைத்து இடக்கையை நீட்டினால் விரல்கள் வயலினின் தலையைச் சிரமமின்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் அது பெரிது. வளர்ந்த பின் உதவுமென்று முழு அளவை வாங்குவது சிக்கனமாகத் தோன்றும். பிள்ளையின் கையும் கழுத்துமே அதன் விலையைக் கொடுக்கும். மெட்டுகள் இல்லாமையால் முதலாண்டில் ஒலி கரடுமுரடாயிருக்கும். அக்காலத்தில் வீட்டார் நகையாது பொறுத்தல் வேண்டும்.

புத்தளத்தை அடைந்தபோது உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூச வைத்தது. உணவுக்குச் சுவை தரும் உப்பு வாத்தியத்துக்குப் பகை. கடற்காற்றில் உருக்குத் தந்தி விரைவிற் துருவேறும். ஈரத்தினால் மரம் ஊதிப் பிரடை இறுகும். வெப்பமும் ஈரமும் கூடினால் ஒட்டிய இடங்கள் விடும். இதற்குப் பரிகாரம் எளிது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியாற் தந்தியையும் மரத்தையும் துடைத்தல். வில்லின் மயிரைத் தளர்த்தி வைத்தல். கடலை நோக்கிய சன்னலருகே வையாது பெட்டிக்குள் மூடி வைத்தல். மாற்றுத் தந்தி ஒரு கூட்டம் எப்போதும் வீட்டில் வைத்திருத்தல். இவற்றைப் பிள்ளையே செய்யப் பழக்குக. வாத்தியத்தைப் பேணும் கைக்கே வாத்தியம் வசப்படும்.

புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடி என்றொரு சிற்றூர். போர்த்துக்கீசர் முதலாய ஐரோப்பியர் ஆட்சிக் காலங்களில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். மாஞ்சா எனப்படும் அவர்களுடைய ஆடல் பாடலுக்கு முழவும், தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும், கரண்டியும் வாத்தியங்களாகின்றன. அவர்களுடைய முன்னோர் பேசிய போர்த்துக்கீசக் கலப்பு மொழி அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கிவிட்டது. பாட்டிலே மட்டும் இன்றும் நிற்கின்றது. பேச்சு மொழி போன பின்பும் பாட்டு மொழியைக் காத்து நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் வந்த வழியை எண்ணிப் பார்த்தோம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையிலே ஒரு காலத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பலவற்றில், பள்ளிக்கூட மொழி மாறியது. பின்னர் வீட்டு மொழியும் மாறியது. பாட்டன் தமிழிலே பேச, பேரப்பிள்ளை சிங்களத்திலே மறுமொழி கூறிய வீடுகள் உண்டு. எம்மொழியையும் கற்றல் நன்றே. தன் மொழியை இழத்தல் நன்றன்று. அந்த உடப்புத் தாயாரின் அச்சத்தில் எத்துணை உண்மை இருக்கிறது என்பது அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. வாத்தியம் பிள்ளையின் வாயை அடைப்பதாயிருத்தல் ஆகாது. எதனைத் தெரிந்தெடுத்தாலும், முதலில் வாயாற் பாடிப் பின்னரே விரலால் வாசிக்கும் முறையிற் கற்பிக்கும் ஆசிரியரை நாடுக. நம் சங்கீதத்தின் பழைய வழியும் அதுவே. வீட்டிலிருந்து பயில வசதியுடையோர் வீணையைத் தேர்க. தானே பாடி மகிழ விரும்பும் பிள்ளைக்குக் கித்தார் தீங்கன்று. மற்றையோர்க்கு, சிறு பெட்டியிலே தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறவல்ல வயலினையே நாம் விதந்துரைப்போம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் வீணைக்கும் வயலினுக்கும் இடமுண்டு. ஆயினும் பரீட்சைக்காக மட்டும் பழக்க வேண்டா. ஆறு மாத காலம் பிள்ளையைப் பாட வைத்து, அதன் விருப்பத்தையும் செவியையும் அறிந்துகொண்டு, பிறகு கடைக்குச் செல்லுங்கள். அதுவரை பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். பாட்டு மட்டும் நாள்தோறும் வீட்டில் ஒலிக்கட்டும்.